கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் போறீங்களா? முதல்ல இந்த 365 படி கணக்கைப் பாருங்க



2021 மார்ச்ல ₹92,000 கொடுத்து ஒரு ஆர்டிஎக்ஸ் 3070 கார்டு வாங்கினேன். 2023 பிப்ரவரியில அதே கார்டை ₹28,000-க்கு வித்தேன். கார்டுல ஒரு பிரச்சினையும் இல்ல, ஃபேன் கூட புதுசு மாதிரிதான் சுத்திச்சு. ஆனா அப்பாவை ஆஞ்சியோவுக்கு அட்மிட் பண்ண வேண்டிய அன்னிக்கு என் அக்கவுண்ட்ல இருந்தது ₹11,000 மட்டும்தான்.

இதை இவ்வளவு நாளா சேனல்ல சொன்னதில்ல. போன வாரம் என் சித்தப்பா பையன் ஒரு கேள்வி கேட்டதால இப்போ எழுதறேன். அவன் திருத்தணியில இருந்து தினமும் லோக்கல் ட்ரெயின்ல சென்னைக்கு வேலைக்குப் போறவன். கைக்கு வர்ற சம்பளம் ₹38,000.

"அண்ணா, 5080 நோ காஸ்ட் இஎம்ஐல கிடைக்குது. மாசம் ₹9,000 தானே, வாங்கிடவா?"

அந்த "தானே"லதான் நானும் விழுந்தேன்.

நான் செஞ்ச தப்பு என்ன?

3070-யோட இந்திய அறிமுக விலை ₹51,000. ஆனா 2021-ல அந்த விலைக்குக் கார்டே கிடைக்கல. ஒரு பக்கம் சிப் தட்டுப்பாடு, இன்னொரு பக்கம் எத்தீரியம் மைனிங் பண்றவங்க கார்டுகளை மொத்தமா அள்ளிட்டுப் போனாங்க. "இப்போ விட்டா இன்னும் ஏறிடும்"னு பயந்து, கிரெடிட் கார்டுல 18 மாச இஎம்ஐ போட்டு வாங்கினேன். வட்டி, வட்டிக்கு ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்து கடைசியில கிட்டத்தட்ட ₹1,05,000 ஆச்சு.

கடைசி இஎம்ஐ கட்டினது 2022 செப்டம்பர். அதே மாசம் 15-ம் தேதி எத்தீரியம் தன்னோட முறையை மாத்திச்சு. கிராஃபிக்ஸ் கார்டை வெச்சு எத்தீரியம் மைனிங் பண்றது அன்னியோட முடிஞ்சது. மைனிங்ல ஓடின கார்டுகள் எல்லாம் செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டுக்கு வந்துச்சு. என் கார்டோட விலையும் விழுந்துச்சு.

விலை விழுந்தது என் தப்பு இல்ல, அதை யாராலயும் கணிக்க முடியாது. அவசரத்துக்குன்னு ஒரு ரூபாய்கூட ஒதுக்காம 18 மாசச் சம்பளத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுத்ததுதான் என் தப்பு.

"நோ காஸ்ட்"ல காஸ்ட் எங்க இருக்கு?

கிரெடிட் கார்டு நிலுவையில 0% வட்டித் திட்டம் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லயே சொல்லிடுச்சு. அப்போ நோ காஸ்ட் இஎம்ஐ எப்படி ஓடுது? பேங்க் வட்டி போடும். அந்த வட்டி அளவுக்கு விற்பவரோ பிராண்டோ முன்னாடியே தள்ளுபடி கொடுத்துடுவாங்க. ரெண்டும் கழிஞ்சு உங்களுக்குச் சமமா தெரியும்.

5080-யோட இந்திய அறிமுக விலை ₹1,07,000. 12 மாசம், 16% வட்டின்னு வெச்சுக்கலாம். வட்டி சுமார் ₹8,700. இது தள்ளுபடியில கழிஞ்சிடும். ஆனா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி சுமார் ₹1,570, அது உங்க கையில இருந்துதான் போகும். அதோட ப்ராசஸிங் ஃபீஸ் தனி.

"₹2,000 கூட இல்லையே"ன்னு தோணும். சரிதான், பெரிய அடி அங்க இல்ல. உங்க கார்டு லிமிட் ₹1,50,000-ன்னா, அதுல ₹1,07,000 லாக் ஆகிடும். நடு ராத்திரி ஆஸ்பத்திரியில அட்வான்ஸ் கட்டச் சொன்னா, தேய்க்கறதுக்கு அந்தக் கார்டும் இருக்காது.

தம்பியோட மாசக் கணக்கைப் பாருங்க. வீட்டுக்கு ₹15,000. பைக் டியூ ₹4,000. ட்ரெயின் பாஸ், சாப்பாடு, போன் எல்லாம் சேர்த்து ₹5,000. சீட்டு ₹4,000. மிச்சம் ₹10,000. இதுல ₹9,000 இஎம்ஐக்குப் போனா, ஒரு வருஷத்துக்கு அவனோட மொத்தப் பாதுகாப்பு மாசம் ₹1,000.

டப்பாக்கு வெளிய இருக்கிற செலவு

கார்டு விலையை மட்டும் பார்த்து பட்ஜெட் போடாதீங்க.

*பவர் சப்ளை:* 5080 மட்டுமே 360 வாட் இழுக்கும். 850 வாட் எஸ்எம்பிஎஸ் வேணும்னு என்விடியாவே சொல்லுது. பழைய 550 வாட்ல ஓட்டலாம்னு நினைக்காதீங்க. நல்ல எஸ்எம்பிஎஸ்க்கு சுமார் ₹10,000 தனியா எடுத்து வையுங்க.

*யூபிஎஸ்:* கரண்ட் போனா, கடையில முதல்ல எடுத்துக் காட்டுற சின்ன 600 விஏ யூபிஎஸ் இந்த லோடைத் தாங்காது. பெரிசு வாங்கணும், அதுவும் காசு.

*கரண்ட் பில்:* கேம் ஓடும்போது மொத்த சிஸ்டமும் சுமார் 500 வாட் இழுக்கும்னு வெச்சா, தினமும் 3 மணி நேரத்துக்கு 1.5 யூனிட். ரெண்டு மாச பில்லுல 90 யூனிட் கூடும். வீட்டு உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினா கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் இல்ல, கீழ இருக்கிற ஸ்லாபுக்கும் ரேட் ஏறும். ஏசி ஓடற வீடா இருந்தா பழைய பில்லை எடுத்துப் பாருங்க, எத்தனை யூனிட் தள்ளி நிக்கறீங்கன்னு.

*வெயில்:* கோடையில தமிழ்நாட்டுல அதிக வெப்பம் பதிவான ஊர்கள்னு செய்தி வரும்போது திருத்தணி பேர் அடிக்கடி இருக்கும். 40 டிகிரி தாண்டறது எங்களுக்குப் புதுசு இல்ல. கார்டு இழுக்கற கரண்ட் முழுக்க அந்த ரூமுக்குள்ள சூடாதான் வெளிய வரும். மே மாசம் ஒட்டு மாடி ரூம்ல 5080 ஓட்டணும்னா, அடுத்து ஏசி வாங்கற பேச்சும் வரும்.

எங்க வாங்கறது?

எங்க ஊர்ல நிறைய பேர் கேக்கறது இது: "நகரி போனாலே ஆந்திரா. திருப்பதியில வாங்கினா டாக்ஸ் கம்மியா?" இல்ல. ஜிஎஸ்டி நாடு முழுக்க ஒரே ரேட், கிராஃபிக்ஸ் கார்டுக்கு 18%. பார்டர் தாண்டறதால டாக்ஸ்ல ஒரு ரூபாயும் மிச்சம் ஆகாது.

நேர்ல பார்த்து வாங்கணும்னா சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போங்க. ரெண்டு மூணு கடையில இஎம்ஐ விலை, ரொக்க விலை ரெண்டையும் தனித்தனியா கேளுங்க. நிறைய இடத்துல ரொக்கத்துக்குக் குறைப்பாங்க. அந்த வித்தியாசம்தான் நோ காஸ்ட்டோட உண்மையான காஸ்ட். "பில் வேணாம்னா இன்னும் குறைக்கறேன்"னு சொன்னா கிளம்பி வந்துடுங்க. சீரியல் நம்பரோட ஜிஎஸ்டி பில் இல்லன்னா பின்னாடி வாரண்டிக்கு அலையணும்.

எப்போ வாங்கலாம்?

உங்களையே ஒரு கேள்வி கேளுங்க: இந்தக் கார்டு எனக்கு *ஏற்கெனவே* சம்பாதிச்சுக் கொடுக்குதா?

"வாங்கினா வீடியோ எடிட்டிங் கத்துப்பேன், பிளெண்டர் கத்துப்பேன்"னு சொன்னா, கத்துக்க 5080 தேவையில்ல. ஏஐ மாடல் கத்துக்கறவங்களுக்கு கூகுள் கோலாப்ல இலவசமாவே ஜிபியு கிடைக்குது. பெரிய வேலைக்கு மணிக் கணக்குல வாடகைக்கும் எடுக்கலாம்.

ஆனா இப்பவே ஃப்ரீலான்ஸ்ல மாசாமாசம் ஒரு தொகை வந்து, பழைய கார்டால வேலை தேங்குதுன்னா அது வேற கதை. நான் வெச்சிருக்கிற அளவுகோல், கார்டு விலை உங்க 6 மாச சைடு வருமானத்துக்குள்ள அடங்கணும். தொழில் வருமானமா கணக்கு காட்டினா கம்ப்யூட்டருக்கு வருஷம் 40% தேய்மானம் கழிக்கலாம், ஆடிட்டர்கிட்ட பேசிக்குங்க. சம்பள வருமானத்துல இந்தக் கழிவு கிடையாது.

கேம் விளையாடத்தான் வேணும்னாலும் தப்பே இல்ல. மாசம் முழுக்க உழைக்கறோம், ஆசைப்படலாம். ஆனா ஆசைக்குக் கடன் வாங்காம சேர்த்து வாங்குங்க.

365 படி கணக்கு

திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படி. வருஷத்துக்கு 365 நாள், நாளுக்கு ஒரு படின்னு எங்க ஊர்ல சொல்வாங்க. டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழா நடக்கும், பாடிக்கிட்டே ஒவ்வொரு படியா ஏறுவாங்க. தம்பிக்கு இதையே கணக்கா போட்டுக் கொடுத்தேன்.

முதல்ல 5080-ல இருந்து ஒரு படி இறங்கச் சொன்னேன். 5070 டிஐ அறிமுக விலை ₹80,000. அதுலயும் 16 ஜிபி மெமரிதான். 300 வாட், 750 வாட் எஸ்எம்பிஎஸ் போதும். ₹80,000-ஐ 365-ஆல வகுத்தா, படிக்கு ₹220.

ஆனா படி ஏறறதுக்கு முன்னாடி அடிவாரம் இருக்கு. அவன்கிட்ட இப்போ கையில ₹45,000 இருக்கு. மாசம் ₹10,000 போட்டா 3 மாசத்துல ₹75,000 ஆகும். அது எமர்ஜென்சி ஃபண்ட், கார்டுக்காக அதைத் தொடவே கூடாது.

நாலாவது மாசத்துல இருந்து ₹6,700 ஆர்டி, 12 மாசம். 6.5% வட்டின்னா அசல் ₹80,400, வட்டி சுமார் ₹2,800. இஎம்ஐல நீங்க பேங்குக்குக் கொடுக்கறீங்க, ஆர்டில பேங்க் உங்களுக்குக் கொடுக்குது. மாசம் மிச்சமாகற ₹3,300 எஸ்எம்பிஎஸ்க்கும் யூபிஎஸ்க்கும் ஆச்சு.

"அதுக்குள்ள விலை ஏறிட்டா?"ன்னு கேட்டான். ஏறலாம். 2025 கடைசியில ஏஐ டேட்டா சென்டர் டிமாண்டால மெமரி சிப் விலை ஏறினதைப் பார்த்தோம். காத்திருந்தா கண்டிப்பா குறையும்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா கையில ₹80,000 ரொக்கம் இருக்கறவன் அன்னிக்கு இருக்கிற விலையைப் பார்த்து முடிவு பண்ணலாம். 5070 வாங்கலாம், இன்னும் ரெண்டு மாசம் பொறுக்கலாம், வாங்காமலே இருக்கலாம். இஎம்ஐ போட்டவனுக்கு அந்த உரிமை முதல் மாசமே போயிடுது.

தம்பி முகம் கொஞ்சம் வாடிச்சு. மறுநாள் ஆர்டி ரசீதோட ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். ₹6,700 இல்ல, ₹3,000-க்கு ஆரம்பிச்சிருந்தான். "எமர்ஜென்சி ஃபண்டுக்கு ₹7,000 போடறேன்ணா, இதுவும் கூடவே ஓடட்டும்"னான். கணக்குப்படி கொஞ்சம் லேட் ஆகும். பரவாயில்ல, அவன் காசு, அவன் வேகம்.

அப்பா இப்போ நல்லா இருக்கார். டாக்டர் சொன்னதால படி ஏறறதில்ல, மலைப்பாதையில வண்டியில கூட்டிட்டுப் போறேன். அந்த ₹28,000 அன்னிக்கு அட்வான்ஸ் கட்ட உதவுச்சு, அதுல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா அன்னிக்கு ராத்திரி ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து, கார்டை வாங்க வந்தவர்கிட்ட போன்ல ₹2,000-க்குப் பேரம் பேசினேன் பாருங்க, அந்த நிலைமை உங்களுக்கு வர வேணாம்.

இந்தக் கணக்கை உங்க சம்பளத்துக்கு எப்படிப் போடறதுன்னு அடுத்த வீடியோவுல ஸ்டெப் பை ஸ்டெப்பா காட்டறேன். அதுக்கு முன்னாடி இன்னிக்கே உங்க அக்கவுண்டைத் திறந்து பாருங்க. நாளைக்கே ₹50,000 கட்டச் சொன்னா, எதையும் விக்காம உங்களால கட்ட முடியுமா?

முடியும்னா, தாராளமா கார்டு பாருங்க.