வளைத்தபின் நிமிராத பலகை

வீட்டிலேயே லாங்போர்டு செய்ய இறங்குகிறவர்கள் பலகைக்குள் கொண்டுவர நினைக்கும் வளைவு பெரும்பாலும் 20 மில்லிமீட்டர்தான். ஸ்கேட்போர்டைவிட நீளமான இந்தப் பலகை ஒரு மீட்டருக்கு மேல்கூட வரும். படிக்கட்டில் தாவி வித்தை காட்ட அல்ல, சாலையில் நெடுந்தூரம் போகவும் சரிவில் வளைந்து வளைந்து இறங்கவும் பயன்படுவது. ஆள் நிற்கும் மேல்பலகைக்கு டெக் என்று பெயர். அதன் நடுப்பகுதி சற்றே மேல்நோக்கிப் புடைத்திருந்தால், ஏறி நின்றதும் தட்டையாகும். எடை குறைந்ததும் மறுபடி எழும். அந்தத் துள்ளலுக்காகத்தான் இவ்வளவு பாடும்.

கடையில் வாங்கிய 12 மி.மீ. ப்ளைவுட்டின் இரு முனைகளுக்கும் முட்டுக் கொடுத்து நடுவில் ஏறி நின்றால் அது வளையும். இறங்கியதும் நேராகிவிடும். அதே தடிமனை நான்கு 3 மி.மீ. பலகைகளாக வாங்கி, இடையிடையே பசை தடவி, வளைத்துப் பிடித்துக் காயவிட்டால் வளைவு அப்படியே நிற்கும். மரமும் அதேதான், மொத்தத் தடிமனும் அதேதான்.

ஒரு பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகும். கால்வாசியானால் அறுபத்து நான்கில் ஒரு பங்காகும். ஆகவே நான்கு மெல்லிய பலகைகளைச் சும்மா அடுக்கினால், அந்த அடுக்கின் விறைப்பு ஒற்றைப் பலகையின் விறைப்பில் பதினாறில் ஒன்றுதான். கையாலேயே வளைத்துவிடலாம். நோட்டுப் புத்தகத்தை வளைத்தால் தாள்களின் ஓரம் ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் சரிந்து நிற்குமே, பலகைகளும் அப்படித்தான் ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்து வளைவுக்கு இடம் கொடுக்கின்றன. ஈரமாக இருக்கும்போது பசை இந்த நகர்வுக்கு உதவியே செய்கிறது. காய்ந்தபிறகு நகர விடுவதில்லை. பலகை நிமிர வேண்டுமென்றால் எல்லா அடுக்குகளும் பழைய இடத்துக்கு வழுக்கியாக வேண்டும். பசை அதற்கு வழிவிடாது. கையால் வளைந்த அடுக்கு, ஒரே இரவில் பதினாறு மடங்கு விறைப்பான பலகையாகிவிடுகிறது.

ஆனால் வளைவு முழுக்க அப்படியே நிற்பதில்லை. ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியே நிமிரத் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அழுத்தத்தை எடுத்தவுடன் பலகை கொஞ்சம் நிமிரும். எவ்வளவு என்பதற்கு எளிய கணக்கு உண்டு. சம தடிமனுள்ள அடுக்குகள் எத்தனையோ, அந்த எண்ணின் இருமடியில் ஒரு பங்கு வளைவு கைநழுவும். இரண்டு 6 மி.மீ. பலகைகளை ஒட்டினால் நான்கில் ஒரு பங்கு, அதாவது 20 மி.மீ. வளைவில் 5 மி.மீ. போய்விடும். நான்கு அடுக்கென்றால் பதினாறில் ஒரு பங்கு, சுமார் ஒன்றேகால் மி.மீ. ஏழு அடுக்கென்றால் அரை மி.மீ.கூட இல்லை. 3 மி.மீ. ப்ளைவுட்டே மூன்று படலங்களால் ஆனது என்றாலும் அவை தொழிற்சாலையிலேயே ஒட்டப்பட்டுவிட்டதால் இந்தக் கணக்கில் அது ஓர் அடுக்குதான். முதல்முறை செய்கிறவர்கள் கனமான இரண்டு பலகைகளை எடுத்து ஏமாறும் இடம் இதுவே. வலிமையான கிளாம்ப் வாங்கச் செலவழிப்பதைவிட மெல்லிய பலகை வாங்கச் செலவழிப்பது மேல்.

மரத்தை வளைக்க நீராவி வழியும் உண்டு. மைக்கேல் தோனெட்டின் நிறுவனம் 1859-இல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலி, நீராவியில் வேகவைத்த பீச் மரக் கம்புகளை வளைத்துச் செய்தது. செல்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் சூட்டிலும் ஈரத்திலும் இளகிவிடும். இளகிய மரம் நீளவாக்கில் நன்றாக நசுங்கிக்கொடுக்கும், ஆனால் இழுத்தால் மிகச் சிறிதளவே நீண்டு கிழிந்துவிடும். அதனால் வளைவின் வெளிப்பக்கத்தில் உலோகப் பட்டையைப் பிடித்துக் கட்டினார்கள். வெளிப்புறம் நீள முடியாமல் போக, உட்புறம் நசுங்கியது. லாங்போர்டுக்கு இதெல்லாம் வேண்டியதில்லை. 70 செ.மீ. நீளத்தில் 20 மி.மீ. எழும்பும் வளைவின் ஆரம் மூன்று மீட்டர். 3 மி.மீ. பலகை அதில் படுக்கும்போது அதன் வெளிப்பரப்பு இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் நீள்கிறது. காய்ந்த மரமே அதைத் தாராளமாகத் தாங்கும்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதை முதலில் முட்டிமோதிப் பார்த்தவர்கள் ஸ்கேட்போர்டுக்காரர்கள் அல்ல, நாற்காலி செய்தவர்கள்.

1940-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய வடிவமைப்புப் போட்டிக்கு சார்லஸ் ஈம்ஸும் ஏரோ சாரினெனும் முதுகு, இருக்கை எல்லாம் ஒரே ஓடாக வளைந்த ப்ளைவுட் நாற்காலியை அனுப்பினார்கள். பரிசு கிடைத்தது. ஆனால் செய்து பார்த்தபோது வளைவு கூடிய இடங்களில் மரம் பிளந்தது. துணி போர்த்தி மறைக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு சார்லஸும் மனைவி ரேயும் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்து, அடுக்ககத்து வாடகை வீட்டுக்குள்ளேயே ஓர் அழுத்தக் கருவியைக் கட்டினார்கள். உள்ளே மின்சுருள் பதித்த பிளாஸ்டர் அச்சு. அதன்மேல் பசை தடவிய மெல்லிய மரப்படலங்கள். அவற்றை அச்சோடு சேர்த்து அழுத்த ஒரு ரப்பர் பை. அதற்குக் காற்றடிக்க சைக்கிள் பம்பு. கருவிக்கு 'கஸாம்' என்று பெயர் வைத்தார்கள். போர்க்காலத்தில் காலொடிந்த வீரர்களுக்கு உலோகச் சிம்பு கட்டினால் தூக்கிச் செல்லும்போது அதிர்வு காயத்தை மோசமாக்கியது. ஈம்ஸ் தம்பதியர் 1942-இல் அமெரிக்கக் கடற்படைக்காகக் காலின் வடிவத்துக்கே வளைந்த ப்ளைவுட் சிம்பை உருவாக்கினார்கள். போர் முடிவதற்குள் சுமார் ஒன்றரை லட்சம் சிம்புகள் தயாராயின.

அந்தச் சிம்பில் அங்கங்கே துளைகளும் நீண்ட வெட்டுகளும் இருக்கும். கட்டுத்துணியை நுழைத்துக் கட்ட அவை உதவின. ஆனால் அவற்றுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. தட்டையான எந்தத் தகட்டையும் ஒரு திசையில் எளிதாக வளைக்கலாம். இரு திசையிலும் ஒருசேர வளைக்க வேண்டுமானால் அது எங்காவது நீண்டாக வேண்டும், அல்லது சுருங்கியாக வேண்டும். கணிதமேதை கவுஸ் 1827-இல் நிறுவிய தேற்றம் சொல்வது இதைத்தான். மரம் நீளாது, வெட்டிவிட்டால் விலகிக்கொள்ளும். 1946-இல் வெளிவந்த ஈம்ஸ் நாற்காலியில் இருக்கையும் முதுகும் தனித்தனித் துண்டுகளாக இருப்பதற்குக் காரணமும் இந்த வரம்புதான்.

லாங்போர்டிலும் இதே தொல்லை உண்டு. நீளவாக்கில் நடு எழும்ப வேண்டும். குறுக்கே பார்த்தால் கால் வழுக்காதபடி இரு ஓரங்களும் மேலேறி, நடுவில் லேசாகக் குழிய வேண்டும். ஓரம் 10 மி.மீ. உயர்ந்தால், 70 செ.மீ. நீளத்தில் ஓரக்கோடு நடுக்கோட்டைவிட 2 மி.மீ.க்குச் சற்று மேல் நீளமாக இருந்தாக வேண்டும். மரம் இவ்வளவை எப்படியோ சமாளித்துவிடுகிறது. பலகையின் நடு எழும்பாமல் தொங்கும்படி செய்து, அதோடு குறுக்குக் குழிவும் கேட்டால் கதை மாறும். அப்போது ஓரங்கள் சுருங்க வேண்டியிருக்கும். மெல்லிய படலம் அங்கே சுருக்கம் விழுந்து மடியும். முதல் பலகைக்கு நீள வளைவு மட்டும் போதும் என்பது நல்ல யோசனை.

அழுத்துவதற்கு என்ன செய்வது? பலர் மரக்கட்டைகளாலேயே மேலும் கீழும் அச்சு செய்து, கிளாம்ப்களால் நடுவிலிருந்து முனை நோக்கி ஒவ்வொன்றாக முறுக்குகிறார்கள். முனைகளை முதலில் இறுக்கினால் நடுவில் பசையும் காற்றும் சிறைப்படும். கிளாம்ப் நிற்கும் இடத்தில் அழுத்தம் அதிகம், இரண்டுக்கும் நடுவில் குறைவு. இந்த முறையின் குறை அது. கனடாவின் டொரன்டோ நகரத்து ரோராக்கிட் நிறுவனம் இதற்கு அழகான மாற்று வைத்திருக்கிறது. நுரை அச்சையும் பசை தடவிய மேப்பிள் படலங்களையும் ஒரு பைக்குள் வைத்து, கைப்பம்பால் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிவிடுவதுதான் அது. ஈம்ஸ் தம்பதியர் காற்றை உள்ளே அடித்து அழுத்தினார்கள். இங்கே காற்றை வெளியே எடுத்தால் வளிமண்டலமே அழுத்துகிறது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் வளிமண்டலம் சுமார் ஒரு கிலோ எடையோடு அமர்ந்திருக்கிறது. ஒரு மீட்டர் நீளம், 25 செ.மீ. அகலமுள்ள பலகையின் பரப்பு 2,500 சதுர சென்டிமீட்டர். பையிலிருந்து முக்கால்வாசிக் காற்றை எடுத்தாலே ஏறத்தாழ 1.9 டன் அழுத்தம், அதுவும் மேடு பள்ளம் பாராமல் எல்லா இடத்திலும் ஒரே சீராக.

படலங்களின் திசையும் முக்கியம். மரம் நார் ஓடும் திசையில் விறைப்பானது; குறுக்குத் திசையில் அதில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். ஏழு மேப்பிள் படலங்கள் கொண்ட பலகையில் வழக்கமாக ஐந்து நீளவாக்கிலும், மூன்றாவதும் ஐந்தாவதும் குறுக்காகவும் இருக்கும். குறுக்குப் படலமே இல்லையென்றால் பலகை நார் வழியே பிளந்துவிடும்.

பசை தடவுவதில் வேகம் வேண்டும். வெள்ளை மரப்பசை திறந்தவெளியில் சில நிமிடங்களிலேயே தோல் கட்டத் தொடங்கும். அதற்குள் எல்லா அடுக்கிலும் ரோலரால் மெல்லிய படலமாகத் தடவி அடுக்கிவிட வேண்டும். சரியான அளவு தடவியிருந்தால், இறுக்கியதும் ஓரம் முழுவதும் சிறு முத்துகளாகப் பசை வெளிவரும். ஓரிடத்தில் முத்து வரவில்லையென்றால் அங்கே பசை போதவில்லை. ஈரத்தையும் யோசிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரின் புகழ்பெற்ற மர விமானமான 'மஸ்கிட்டோ'வில் முதலில் பாலிலிருந்து எடுக்கும் கேசின் பசைதான் இருந்தது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அதில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் பிறகு யூரியா ஃபார்மால்டிஹைடு பிசினுக்கு மாறினார்கள். நம் ஊர்க் கடைகளில் ப்ளைவுட் மீது ஐ.எஸ். 710 என்ற முத்திரை இருந்தால் அது மரைன் ரகம், கொதிநீருக்கும் பிரியாத பசை கொண்டது. மழையில் ஓட்டப்போகிற பலகைக்கு, ப்ளைவுட்டுக்கு உள்ளேயும் அடுக்குகளுக்கு இடையேயும் நீர் தாங்கும் பசை வேண்டும்.

ஒரு நாள் முழுக்க அழுத்தத்தில் இருந்து வெளியே வந்த பலகையை உடனே அறுத்துவிடக் கூடாது. பசையிலிருந்த தண்ணீரை மரம் குடித்திருக்கிறது. அது வெளியேறச் சில நாட்கள் ஆகும். இரு பக்கமும் காற்றுப் படும்படி நிறுத்திவைக்காவிட்டால் ஒரு பக்கம் முன்னதாகக் காய்ந்து பலகை முறுக்கிக்கொள்ளும். பிறகு ஜிக்சாவால் வடிவத்தை வெட்டி, உப்புத்தாளால் ஓரங்களைத் தேய்த்து, வெட்டுவாய் முழுவதும் வார்னிஷ் ஏற்ற வேண்டும். தண்ணீர் பெரும்பாலும் அந்த வெட்டுவாய் வழியாகத்தான் நுழைகிறது. சக்கரத்தைத் தாங்கும் உலோகச் சட்டத்துக்குத் துளையிடும் முன், ஒரு நாணயத்தால் பலகை முழுவதும் தட்டிக்கொண்டே போவது நல்லது. நன்கு ஒட்டிய இடம் கணீரென்று கேட்கும். மந்தமாக ஒலிக்கும் இடத்தில் அடுக்குகளுக்கிடையே வெற்றிடம் இருக்கிறது. அது ஓரத்தில் என்றால் மெல்லிய கத்தியால் பசையைச் செலுத்தி மறுபடி இறுக்கலாம். நடுவில், ஆள் நிற்கும் இடத்தில் என்றால் அந்தப் பலகையில் ஏறக் கூடாது.