காதுக்குள் குரல் – 9: மாத்திரை தொடாத மூளைகள்

81 பேர். எல்லோருக்கும் மனச்சிதைவு நோய். ஸ்கேன் எடுத்த நாள்வரை ஒருவர்கூட அதற்கான மாத்திரையை விழுங்கியதில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் எடுத்த இவர்களுடைய மூளைப் படங்களையும், நோயில்லாத 93 பேரின் படங்களையும் கொண்டு, சுனில் கல்மாடியும் நிம்ஹான்ஸ், கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஒரு கணினி நிரலைப் பழக்கினார்கள். 2019-இல் முடிவு வெளியானது. யாருக்கு நோய், யாருக்கு இல்லை என்பதை நிரல் 87 சதவீதம் சரியாகப் பிரித்தது. குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தால் 53 சதவீதம்தான் தேறும்.

எனக்கு அந்த 81-தான் உறுத்துகிறது. மனநோய் மருந்து மூளையில் தன் தடத்தையும் பதிக்கும். பல வருடம் மாத்திரை சாப்பிட்டவரின் படத்தைக் கொடுத்தால், நிரல் கற்றுக்கொள்வது நோயின் தடத்தையா மருந்தின் தடத்தையா என்று தெரியாது. அதனால் மருந்து தொடாத மூளை ஆய்வாளர்களுக்குப் பொக்கிஷம். நம் நாட்டில் அது எப்படிக் கிடைக்கிறது என்று மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிள்ளை தன்னந்தனியாகப் பேசத் தொடங்கியதும் நேராகப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துவரும் குடும்பங்கள் குறைவு. முதலில் கோடாங்கி, அப்புறம் பாண்டி கோயில், அங்கும் அடங்காவிட்டால் ஏர்வாடி தர்கா. மாதங்கள் ஓடிவிடும், சிலருக்கு வருடங்களே. சிகிச்சை தள்ளிப்போகப்போக மீள்வது கடினமாகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடிக் காப்பகத் தீயில் சங்கிலியோடு கருகியவர்களும் இந்த வழியில் போனவர்கள்தான், 28 உயிர்கள். வீட்டில் யாருக்காவது குரல் கேட்கிறதென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு இன்றைக்கே பேசுங்கள்.

காந்தத்தால் படமெடுப்பதால் ஸ்கேன் அறைக்குள் உலோகம் போகக் கூடாது. தாலிச் சங்கிலி, மெட்டி, அரைஞாண், கோடாங்கி கட்டிய தாயத்து எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தாயத்தைக் கழற்றச் சம்மதிக்க வைப்பதே ஒரு வைத்தியம். தலையைச் சுற்றிக் கூண்டு மாட்டி, குழாய்க்குள் சில நிமிடம் அசையாமல் படுக்கச் சொல்வார்கள். இயந்திரம் இரைச்சலாகத் தட்டிக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே காதுக்குள் குரல் கேட்கிறவர் அதைத் தாங்க வேண்டும். தலை சற்று அசைந்தாலும் படம் கெட்டுவிடும். நோய் முற்றிக் கொந்தளிப்பவரை அப்படிப் படுக்கவைக்க முடியாது. ஆக, மிகவும் கஷ்டப்படுகிறவர்கள் பலர் இத்தகைய கணக்குகளில் வருவதே இல்லை.

மூளையில் வேலை நடக்கும் இடத்துக்கு ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாக ஓடும். அதன் காந்தத் தன்மை சற்று மாறுபடுவதால் இயந்திரம் அதைப் படிக்கிறது. ஒவ்வொரு பகுதியின் செயல்பாடும், எந்தப் பகுதி எந்தப் பகுதியோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்பதும்தான் நிரலுக்குத் தீனி. மதுரை மாவட்டத்தைத் தாலுகாவாகவும் பிரிக்கலாம், சட்டமன்றத் தொகுதியாகவும் பிரிக்கலாம், காவல் நிலைய எல்லையாகவும் பிரிக்கலாம். மூளையையும் இப்படிப் பல விதமாக வகுத்து, ஒவ்வொரு பிரிப்பும் சொல்வதைத் திரட்டி முடிவெடுத்தார்கள்.

இதை வைத்து ஊரையே சோதித்துவிடலாமா? கூடாது. ஆயிரம் பேரில் ஐந்து பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 87 சதவீதம் சரியாகச் சொல்லும் நிரல், நோயில்லாத சுமார் 130 பேரைப் பிடித்து நோயாளி என்றுவிடும். நோய் இருக்கிறதா என்பதை அனுபவமுள்ள மருத்துவர் உட்கார்ந்து பேசியே கண்டுபிடிப்பார். அவருக்குத் தெரிய வேண்டியது, எந்த மாத்திரை இவருக்குக் கேட்கும் என்பது. இப்போது ஒன்றைக் கொடுத்து, வாரக்கணக்கில் காத்திருந்து, கேட்காவிட்டால் அடுத்தது.

அந்தக் கேள்வியில் இயந்திரம் இன்னும் தடுமாறுகிறது. 2024-இல் ஆடம் செக்ரவுட் குழுவினர் ‘சயின்ஸ்’ இதழில் இதைக் காட்டினார்கள். மூளைப் படம் இல்லாமல், ஐந்து மருந்துச் சோதனைகளின் நோயாளி விவரங்களை மட்டும் வைத்து நடந்த ஆய்வு அது. ஒரு சோதனையில் பழகிய நிரல் அந்தச் சோதனைக்குள் நன்றாகக் கணித்தது. இன்னொன்றின் நோயாளிகளிடம் காசு சுண்டிப் பார்ப்பதைவிடத் தேறவில்லை. மேலூர், உசிலம்பட்டிப் பிள்ளைகளும் அவர்கள் சம்மதத்தோடு இந்தக் கணக்கில் சேர வேண்டும். அதுவரை, வேறு ஊரில் பழகிய நிரலின் பேச்சைக் கேட்டு இங்கே யாருடைய மாத்திரையையும் மாற்றக் கூடாது.

(தொடரும்)