கடல்வழி வந்த துப்பாக்கிகள்

லஹாட் டத்து என்றதும் நம்மில் பலருக்கு 2013தான் ஞாபகம் வரும். சூலு சுல்தானின் படை என்று சொல்லிக்கொண்டு ஆயுதங்களுடன் ஒரு கும்பல் சபாவில் வந்திறங்கிய ஆண்டு அது. அந்தச் செய்தியை வானொலியில் நாள்தோறும் வாசித்தவர்களில் நானும் ஒருத்தி.

அதற்கு 28 ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஊர் ரத்தம் சிந்தியிருக்கிறது. தீபகற்பத்தில் இருக்கும் நாம் அதை அதிகம் பேசுவதில்லை.

1985 செப்டம்பர் 23, திங்கட்கிழமை, நண்பகல். தென் பிலிப்பீன்ஸ் பக்கமிருந்து படகில் வந்த 15 முதல் 20 பேர், கடைத்தெருவில் கண்டபடி சுட்டார்கள். ஒரு வங்கியையும் மலேசிய விமான நிறுவன அலுவலகத்தையும் கொள்ளையடித்தார்கள். குறைந்தது 21 பேர் மாண்டனர். 11 பேர் காயமடைந்தனர்.

போலீஸ் இருக்கும் ஊரில், பட்டப்பகலில் இது நடந்தது. கடல் போலீசார் துரத்திச் சென்று சிலரைச் சுட்டு வீழ்த்தினர். மற்றவர்கள் எல்லை தாண்டித் தப்பிவிட்டனர்.

ஏன் தடுக்க முடியவில்லை? வரைபடத்தைப் பாருங்கள். கிழக்கு சபாவின் கரை மிக நீளமானது. வழியெல்லாம் தீவுகளும் சதுப்புநிலக் காடுகளும். விரைவுப் படகுக்கு எல்லை வெகு தூரமில்லை. கடலில் கண்காணிப்பு இல்லையென்றால், கரையில் இருக்கும் போலீசுக்கு முதல் தகவலே துப்பாக்கிச் சத்தம்தான்.

2013 பிப்ரவரியில் தண்டுவோ கிராமத்தில் சுமார் 200 பேர் வந்திறங்கினர். இம்முறை சில வாரங்கள் அவகாசம் இருந்தது. கிராமத்தைச் சுற்றி வளைத்தார்கள், பேச்சு நடத்தினார்கள், கெடுவை நீட்டித்தார்கள். மார்ச் 1ஆம் தேதி மோதலில் இரண்டு போலீஸ் கமாண்டோக்கள் உயிரிழந்தனர். மறுநாள் செம்போர்னாவில் பதுங்கித் தாக்கியவர்களால் ஆறு போலீசார் கொல்லப்பட்டனர்.

உயிரைக் கொடுத்த அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. கேள்வி, அபாயம் கரையேறும் வரை காத்திருந்த ஏற்பாட்டைப் பற்றியது.

அதன்பிறகே 10 மாவட்டங்களை உள்ளடக்கிய எஸ்கோம் பாதுகாப்புத் தலைமையகம் அமைந்தது. 2014இல் இரவுநேரக் கடல் ஊரடங்கும் வந்தது. ஆனாலும் 2015 மே மாதம் சண்டக்கானில் ஒரு கடலுணவு உணவகத்திலிருந்தே இருவர் கடத்தப்பட்டனர். அவர்களில் ஒருவர் கொல்லப்பட்டார். தலைமையகம் அமைத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை என்பதற்கு அது சாட்சி.

பள்ளி விடுமுறைக்குச் செம்போர்னா போகும் குடும்பங்கள் இப்போது நிறைய. அங்கே சுற்றுக்காவல் படகு உங்கள் படகை நிறுத்திச் சோதித்தால் அலுத்துக்கொள்ளாதீர்கள். 1985இல் அந்தச் சோதனை கடலிலேயே நடந்திருந்தால், அன்று வங்கிக்கும் கடைக்கும் போனவர்கள் வீடு திரும்பியிருப்பார்கள்.