குளிரின் தவணையும் ஆங்கிலச் சொற்களும்

ஆங்கிலத்திற் கடுங்குளிர் நிலவும் நாட்களைச் சுட்டுதற்குக் ‘கோல்ட் ஸ்னாப்’, ‘கோல்ட் ஸ்பெல்’, ‘கோல்ட் வேவ்’ எனப் பல தொடர்கள் வழங்குகின்றன. ஒருபொருட் பன்மொழி போலத் தோன்றினும் இவை பிறந்த சமூகக் களங்கள் வெவ்வேறானவை.

‘ஸ்னாப்’ என்பது வெடுக்கெனக் கடித்தல், பற்றுதல் என்னும் பொருளுடைய டச்சு அல்லது தாழ்ஜேர்மன் வினையின் வழிவந்தது. 18ஆம் நூற்றாண்டில் அது திடீரென வந்து விரைவில் அகலும் குளிரையும் குறிக்கலாயிற்று. ‘ஸ்பெல்’லின் வரலாறு இன்னுஞ் சுவையானது. மந்திரத்தைக் குறிக்கும் ‘ஸ்பெல்’ வேறு, இது வேறு. ஒருவருக்குப் பதிலாக மற்றொருவர் நிற்றல் எனப் பொருள்படும் பழைய ஆங்கில வினையோடு தொடர்புடைய இச்சொல், முதலில் தொழிலாளர் முறைமாறிச் செய்யும் வேலைத்தவணையையே சுட்டிற்று. கப்பலுள் புகுந்த நீரை இறைக்கும் மாலுமியின் முறையும் ‘ஸ்பெல்’லே. வானிலைக்கு அது பின்னரே வந்தது. உழைப்பின் தவணை குளிரின் தவணையாயிற்று.

உழவர் வழக்கோ பூக்களைச் சார்ந்தது. இங்கிலாந்தில், இளவேனிலிற் கருமுட்செடி வெண்மலர் பூக்குங்கால் மீண்டு வருங் குளிர் ‘பிளாக்தோண் விண்டர்’ எனப்பட்டது. விதைக்கலாமா, பொறுக்க வேண்டுமா என்பதே உழவனின் வினா. எத்தனை பாகை என்பதன்று.

‘வேவ்’, அதாவது அலை, நிறுவனங்கள் பரப்பிய சொல். 1870இல் ஐக்கிய அமெரிக்க இராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவு வானிலை அவதானங்களைத் தந்திவழித் திரட்டத் தொடங்கியபின், குளிர் கண்டத்தின் குறுக்கே நகர்வதைப் படத்திற் காண முடிந்தது. நடுவே கருஞ்சதுரம் பொறித்த வெண்கொடி அதன் எச்சரிக்கையாயிற்று. இந்திய வானிலை ஆய்வுத் துறை இச்சொல்லை எண்களால் வரையறுக்கின்றது: சமவெளியில் இழிவு வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்கு மேற்படாது, வழமையினும் 4.5 பாகையேனுங் குறைந்திருத்தல் வேண்டும்.

இத்தகைய வரையறைகள் ஏட்டளவில் நிற்பனவல்ல. ஐக்கிய இராச்சியத்தில், ஸ்கொத்லாந்து நீங்கலாக, வருமானங் குன்றியோர்க்கான சில உதவிப்பணங்களைப் பெறுவோர்க்குக் குளிர்காலநிலைக் கொடுப்பனவு உண்டு. நவம்பர் முதல் மார்ச் வரையான காலத்தில், தொடர்ச்சியான 7 நாட்களின் சராசரி வெப்பநிலை 0 பாகை அல்லது அதற்குக் கீழே எனப் பதிவானாலோ முன்னறிவிக்கப்பட்டாலோ 25 பவுண் கிடைக்கும். நான்கு நாட்கள் நீர்க்குழாய் உறைந்துகிடப்பினும், அடுத்த மூன்று நாட்களின் இளவெப்பம் சராசரியைச் சுழியத்துக்கு மேல் உயர்த்திவிடின் ஒன்றுமில்லை. சுருங்கக்கூறின், ‘ஸ்பெல்’லுக்குப் பணமுண்டு, ‘ஸ்னாப்’புக்கு இல்லை! எரிபொருட் கட்டணப் பட்டியலோ இவ்வேறுபாட்டை அறியாது. முதியோரும் கைக்குழந்தைகளும் உள்ள வீடுகளில் அந்த நான்கு நாட்களும் அடுப்பெரிந்தே ஆகவேண்டும்.

ஸ்கொத்லாந்து 2023இல் இம்முறையைக் கைவிட்டது. வானிலை எவ்வாறிருப்பினும் ஆண்டுக்கொருமுறை நிலையான தொகை வழங்கப்படும் என்பது அங்குள்ள ஏற்பாடு. தொடக்கத்தில் அது 50 பவுணாக இருந்தது. நெடுங்குளிர் ஆண்டில் பழைய முறையே கூடுதலாகத் தந்திருக்கும் என்ற கண்டனமும் எழாமலில்லை.