உங்களுக்குத் தெரியுமா? நடந்தாலும் கரு நழுவாது!
திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைத் தாண்டிச் செங்கம் சாலையில் கிரிவலம் போகிறவர்களில் பிள்ளை வரம் வேண்டி நடப்பவர்களும் உண்டு. செயற்கைக் கருத்தரிப்பில் கருவை உள்ளே வைத்தபின், ‘எழுந்தால் நழுவிவிடுமோ’ என்ற பதைப்பு பல பெண்களுக்கு.

நழுவாது! கருப்பையின் சுவர்கள் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன. ஐந்தாம் நாள் கருவோ சுமார் 0.2 மில்லிமீட்டர், கடுகைவிடச் சிறியது. ஸ்கேன் பார்த்தபடி மெல்லிய குழாய் வழியே விடுகிறார்கள். திரையில் பளிச்சிடும் வெண்புள்ளி கருவல்ல, கூடவே போகும் காற்றுக்குமிழி. படுத்தே கிடப்பதால் பலன் கூடுவதில்லை என்கின்றன ஆய்வுகள். 14 கி.மீ. கிரிவலத்துக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளலாம்.

1978 அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் பிறந்த, இந்தியாவின் முதல் செயற்கைக் கருத்தரிப்புக் குழந்தையான ‘துர்கா’, டாக்டர் சுபாஷ் முகர்ஜி 53 நாள் உறையவைத்திருந்த கருவிலிருந்து உருவானவர். அந்தச் சாதனை அங்கீகரிக்கப்படும் முன்பே, 1981இல் முகர்ஜி மறைந்துவிட்டார்.