பாட்டோடு பெயரும் வரட்டும்

சென்ற பொங்கலன்று மூணாற்றில் நடைபெற்ற நமது சங்கக் கூட்டத்தில் ஒரு பிழை நேர்ந்தது. பிழை நம்முடையதே. குழந்தைகளின் கோலாட்டம் முடிந்து இலை போடும் வரையில் சிறிது நேரம் இருந்தது. கைப்பேசியில் நமக்கு வந்திருந்த ஒரு பாடலை ஒலிபெருக்கியில் வைத்து, “இது ஆப்பிரிக்கப் பாட்டு” என்று மட்டும் அறிவித்தோம். ஆண்கள் பலர் கூடி, பக்கவாத்தியம் ஏதுமின்றி, தாழ்ந்த குரலில் பாடிய பாடல் அது. ஓடித் திரிந்த பிள்ளைகளும் நின்று கேட்டனர். முடிந்ததும், கொழுந்து பறித்தே முதுமை எய்திய தேவிகுளத்துப் பாட்டி ஒருவர், “யாரு தம்பி பாடுனது? எந்த ஊருக்காரங்க?” என்று வினவினார். நம்மிடம் விடையில்லை. ஐம்பத்து நான்கு நாடுகளை ஒரே சொல்லில் மூட்டை கட்டி வைத்துவிட்டோமே என்ற நாணம் அப்பொழுதுதான் வந்தது.

அப்பாடல் வந்த வழியைத் தேடிச் சென்றோம். கொழிஞ்சாம்பாறை அன்பர் ஒருவரின் மகன் பட்டாம்பியில் வேலை பார்க்கிறார். மழை ஓய்ந்து அறுவடையும் முடிந்த பின்னர் மலப்புறம், பாலக்காடு மாவட்டத்துத் திடல்களில் எழுவர் காற்பந்தாட்டம் களைகட்டுவதையும், அதில் ஆடுவதற்கென்றே நைஜீரியா, கானா, ஐவரி கோஸ்ட் முதலிய நாடுகளிலிருந்து இளைஞர்கள் வருவதையும் வாசகர்கள் அறிவார்கள். 2018-இல் வெளிவந்த ‘சுடானி பிரம் நைஜீரியா’ என்ற மலையாளத் திரைப்படம் அத்தகைய ஓர் ஆட்டக்காரரின் கதையே. கானா நாட்டு ஆட்டக்காரர் ஒருவர் நம் இளைஞரின் அடுத்த அறையில் தங்கியிருந்தார். இரவில் சமைக்கும்பொழுது அவர் பாட்டுக் கேட்பார். சுவருக்கு இப்பால் இவரும் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டார். அங்கிருந்து அப்பாட்டு கைப்பேசிக்குக் கைப்பேசி தாவி, பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் கடந்து மலையேறி நம்மிடம் வந்தது. பாடியவர் பெயர் மட்டும் வழியில் எங்கோ உதிர்ந்து போயிற்று.

விசாரித்ததில், வைத்திருந்தவர் கானா நாட்டவரேனும் பாட்டு அந்நாட்டதன்று. தென்னாப்பிரிக்காவின் சூலு மொழிப் பாடல். பாடியவர்கள் ஜோசப் சபலாலா என்பார் அமைத்த ‘லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ’ என்னும் குழுவினர். அவர்கள் பாடும் முறைக்கு ‘இசிக்கத்தமியா’ என்று பெயர். ஓசைப்படாமல் அடியெடுத்து வைத்தல் என்னும் கருத்து அச்சொல்லில் உண்டு. நாட்டால் பகுதியின் சிற்றூர்களை விட்டுச் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் பிழைக்கப் போன ஆண்கள், நெருக்கமான தொழிலாளர் விடுதிகளில் வார இறுதி இரவுகளில் கூடி, குழுவுக்குக் குழு போட்டியிட்டு வளர்த்த கலை இது. அதே நாட்டாலுக்குத்தான் 1860-இல் ‘துரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து நம்மவரைக் கரும்புத் தோட்டக் கூலிகளாக ஏற்றிச் சென்றது. வீட்டைப் பிரிந்தவன் பாடும் பாட்டு என்பது பொருள் விளங்குமுன்பே நம் பாட்டிக்கு விளங்கியிருக்க வேண்டும். தோட்டத்து வீட்டு வரிசைக்கும் தாள ஒழுங்குக்கும் ‘லயம்’ என்று ஒரே சொல் நம் வாயில் வழங்குகின்றதே, இது தற்செயல்தான். ஆயினும் அன்றிரவு அது நம் நினைவை விட்டு அகலவில்லை.

பெயர் உதிர்வதை ஒரு சிறு பொருளாக எண்ணிவிடலாகாது. நாட்டாலில் பிறந்த சாலமன் லிண்டா என்ற சூலு பாடகர் 1939-இல் ஜோஹன்னஸ்பர்க்கில் ‘ம்பூபே’ என்ற பாடலைத் தம் குழுவினருடன் பாடிப் பதிவு செய்தார். சிங்கம் என்பது அச்சொல்லின் பொருள். இசைத்தட்டு நிறுவனத்தில் தட்டுகளைக் கட்டி அடுக்கும் தொழிலாளியாகவும் அவர் இருந்தார். பாட்டின் உரிமைக்கு அவர் பெற்றது 10 ஷில்லிங்கு என்பர். அத்தட்டு அமெரிக்கா சேர்ந்தது. அங்குள்ளோர் சொல்லைத் தவறாகக் கேட்டு ‘விமோவே’ என்று பாடினர். 1961-இல் அது வேறு சொற்களும் வேறு பெயரும் பூண்டு உலகெங்கும் ஒலித்தது. 1994-இல் ‘தி லயன் கிங்’ திரைப்படத்திலும் இடம்பெற்றது. லிண்டாவோ 1962-இலேயே வறுமையில் மறைந்தார். அவர் மக்கள் வழக்காடி, 2006-இல்தான் உடன்பாடு ஏற்பட்டு உரிமைத்தொகைக்கு வழி பிறந்தது. 2010-இல் உலகக் கோப்பைக் காலத்தில் கேரளத்துத் தெருவெல்லாம் ஆடிய ‘வக்கா வக்கா’ பாட்டின் பல்லவியும் கமரூன் நாட்டுக் ‘கோல்டன் சவுண்ட்ஸ்’ குழுவினர் 1986-இல் பாடியதே. ஆடியவர்களில் எத்தனை பேர் அதனை அறிவோம்? நம் மாநிலத்திலேயே மாறாக நடந்ததும் உண்டு. அட்டப்பாடி நஞ்சியம்மா இருளர் மொழியில் பாடிய பாட்டு ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தின் வழியே பரவியபொழுது அவர் பெயரும் உடன் பரவியது. 2022-இல் தேசியத் திரைப்பட விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது.

இனி, எதைக் கேட்பது என்று வினவுவோருக்கு நாம் கேட்டு மகிழ்ந்த சில. உடுக்கையின் கயிற்றை நெருக்கிச் சுருதி மாற்றுவதை நாம் கோடாங்கியிடம் கண்டிருக்கிறோம். பாலக்காட்டுப் பஞ்சவாத்தியத்தில் இடைக்காயும் அந்த இனத்ததே. நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் அவ்வாறே இடை சிறுத்த ‘பேசும் முரசு’ உண்டு. ஏற்ற இறக்கத்தால் பொருள் வேறுபடும் மொழி அவர்களுடையது. ஆதலின் முரசின் ஓசையிலேயே வாக்கியத்தை உணர்த்திவிடுவர். அம்முரசைக் கேட்க விரும்புவோர் கிங் சன்னி அடே 1982-இல் வெளியிட்ட ‘ஜூஜூ மியூசிக்’ தொகுப்பைத் தேடலாம். மாலி நாட்டுக் ‘கோரா’, பெரிய சுரைக்குடுக்கையை இரண்டாக்கித் தோல் போர்த்து, 21 தந்திகள் பூட்டிய கருவி. தலைமுறை தலைமுறையாக அதனை வாசிக்கும் குடியில் பிறந்த தூமானி தியாபாத்தே 2024-இல் காலமானார். அவரும் அலி ஃபார்கா தூரேயும் இணைந்து வாசித்த ‘இன் த ஹார்ட் ஆஃப் த மூன்’ 2005-இல் வந்தது. வீட்டில் விளக்கணைத்த பின்னர் மெல்ல வைத்துக் கேட்கத்தக்கது. இளைஞர் சிலர் ஃபேலா குட்டியையே முதலில் கூற வேண்டும் என்று நம்மோடு வாதிடுகின்றனர். அவர் பாடல்கள் பத்து நிமிடத்தையும் தாண்டி நீள்வன. தொடக்கத்திலேயே அதனைக் கொடுத்தால் பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்பது நம் எண்ணம். பெண்களுக்கு மிரியம் மகேபாவின் ‘பாட்டா பாட்டா’ பிடித்துவிட்டது. 1967-இல் அது புகழ் பெற்றபொழுது அவர் தாய்நாடு திரும்ப இயலாதவராய் இருந்தார்.

அன்பர்கள் இனிப் பாடல் அனுப்புங்கால், பாடியவர் பெயர், நாடு, மொழி ஆகிய மூன்றையும் சேர்த்து எழுத வேண்டுகிறோம்.

தேவிகுளத்துப் பாட்டிக்கு விடை சொல்லி அனுப்பிவிட்டோம். பட்டாம்பியில் நடந்தது வேறு. “உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று தாருங்கள்” என்று ஆட்டக்காரர் கேட்க, நம் இளைஞர் தம் ஊர் மாரியம்மன் நோன்பில் பிடித்து வைத்திருந்த உறுமி மேளத்தைக் கொடுத்திருக்கிறார். அவர் இரண்டு முறை கேட்டுவிட்டு, “வாசிப்பவர் யார்?” என்றாராம். இளைஞர் ஊருக்குப் போய்ப் பூசாரியிடமும் பந்தல்காரரிடமும் விசாரித்து வருகிறார். நால்வரில் மூவர் பெயர் கிடைத்திருக்கிறது. உறுமி வாசித்தவர் பெயர் இவ்விதழ் அச்சுக்குப் போகும் வரையில் கிடைக்கவில்லை.