கணவரின் நாட்டில் விருந்தாளியாக

நிக்காஹ் ஒரே மஜ்லிஸில் நிறைவேறிவிடுகிறது. பெண்ணின் வலீ முன்மொழிய, மணமகன் ஏற்றுக்கொள்ள, சாட்சிகள் செவியுற, மஹர் பதிவாக, துஆவுடன் இருவர் கணவன் மனைவியாகின்றனர். மார்க்கத்தின் பார்வையில் அதற்குமேல் எதுவும் மீதமில்லை. ஆனால் மணமகன் கனடாவிலோ அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ குடியிருப்பவராயின், சென்னையில் இருக்கும் மணமகளுக்கு அன்று மாலையே மற்றொரு காத்திருப்பு தொடங்கிவிடுகிறது. மனைவியை அழைத்துக்கொள்ளக் கணவர் தம் நாட்டு அரசிடம் மனுச் செய்ய வேண்டும். அம்மனு ஏற்கப்படும்வரை அவள் இங்கும் அவர் அங்குமாக வாழ வேண்டும். இக்காலம் சிலருக்குச் சில மாதங்கள், சிலருக்குச் சில ஆண்டுகள்.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் வாழும் நம் இல்லங்கள் பலவற்றில் இன்று கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. குடியேற்ற அனுமதி வரும்வரை விருந்தினர் விசாவில் சென்று கணவரோடு தங்கியிருக்கலாமா என்பதே அது. இதற்கு ஒரே சொல்லில் விடையளிக்க இயலாது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுகிறது. எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஒன்று இருக்கிறதென்றால், அது சொன்ன சொல்லைக் காக்க வேண்டும் என்ற நிபந்தனையே.

பிரிவின் துயரம் நம் சமுதாயத்திற்குப் புதியதன்று. ஹிஜ்ரத்தின் தொடக்க நாட்களில் அபூ ஸலமா (ரலி) அவர்கள் மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு மதீனாவுக்குப் புறப்பட்டார்கள். மனைவியின் குலத்தார் வழிமறித்து அவரைத் தடுத்து வைத்துக்கொண்டனர். கணவரின் குலத்தாரோ குழந்தையைப் பறித்துச் சென்றனர். ஏறத்தாழ ஓராண்டுக் காலம் உம்மு ஸலமா (ரலி) அவர்கள் நாள்தோறும் மக்காவின் புறத்தே சென்று அமர்ந்து அழுதார்கள் என்று சீறா நூல்கள் கூறுகின்றன. இறுதியில் மனமிரங்கி அவரை விடுவித்தனர். குழந்தையும் திரும்பக் கிடைத்தது. தன்னந்தனியே புறப்பட்ட அந்த அன்னையைத் தன்யீமில் கண்டு, குபாவரை கண்ணியத்துடன் அழைத்துச் சென்றவர் உஸ்மான் இப்னு தல்ஹா. அப்போது அவர் இஸ்லாத்தைத் தழுவியிருக்கவில்லை. பிரிந்த குடும்பத்தைச் சேர்த்துவைப்பது எத்தகைய மாண்பு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

தமிழகக் கடலோரத்து ஊர்களும் இதை அறிந்தவையே. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கொழும்புக்குச் சென்ற சபுராளிகளின் மனைவியர் கடிதத்தையே கணவராக எண்ணி நாட்களைக் கழித்தனர். 1948ஆம் ஆண்டு இலங்கை கொண்டுவந்த குடிவரவுச் சட்டத்திற்குப் பின், முன்பு சாதாரணமாகப் போய்வந்த கடல்வழியில் அனுமதிச் சீட்டு குறுக்கே நின்றது. இன்று மாறியிருப்பது தொலைவு மட்டுமே.

இனி நாடுகளின் நடைமுறையைக் காண்போம். கனடாவின் குடிவரவுச் சட்டம், ஒருவர் நிரந்தரமாகக் குடியேற விரும்புகிறார் என்ற ஒரே காரணத்திற்காக அவரைத் தற்காலிக விருந்தினராக ஏற்க மறுக்கக் கூடாதென்று சொல்கிறது. ஆயினும், அனுமதித்த காலம் முடிந்ததும் அவர் வெளியேறிவிடுவார் என்று அதிகாரி நம்ப வேண்டும். விருந்தினருக்கு வழக்கமாக ஆறு மாதங்கள் கிடைக்கும். அக்காலம் முடிவதற்கு முன்பே நீட்டிப்புக் கோரி மனுச் செய்தால், முடிவு வரும்வரை சட்டப்படி தங்கலாம். கனடாவுக்குள் இருந்தபடியே துணைவருக்கான குடியேற்ற மனுவை அளிக்கவும் வழியுண்டு. ஆனால் அவ்வகை மனு அளித்தவர் இடையில் தாயகம் வந்துவிட்டு, மீண்டும் நுழைய அனுமதி கிடைக்காமற் போனால், மனுவே பயனற்றுப் போகலாம். தந்தையின் உடல்நலம் குன்றிய செய்தி வரும்போதுதான் பலருக்கு இந்த நிபந்தனையின் கனம் புரிகிறது. விருந்தினராக இருக்கும்வரை, தனி அனுமதி பெறாமல் வேலைக்குச் செல்லவும் இயலாது.

அமெரிக்காவின் நோக்கு வேறு. அங்கே விருந்தினர் விசா கேட்பவர் ஒவ்வொருவரும் குடியேறவே வருகிறார் என்று சட்டம் முதலில் கருதிக்கொள்கிறது. அப்படியன்று என்று மெய்ப்பிக்க வேண்டியவர் மனுதாரரே. கணவர் ஏற்கெனவே மனுச் செய்திருப்பின் இதை மெய்ப்பிப்பது மேலும் கடினம். அமெரிக்கக் குடிமகனின் மனைவிக்கு ஆண்டு எண்ணிக்கை வரம்பில்லை. நிரந்தரக் குடியிருப்பாளரின் மனைவியோ வரம்புக்குட்பட்டு வரிசையில் நிற்க வேண்டும். அனுமதித்த காலத்திற்கு மேல் 180 நாட்களுக்கு அதிகமாகத் தங்கி வெளியேறினால் மூன்று ஆண்டுகளும், ஓராண்டு அல்லது அதற்குமேல் தங்கி வெளியேறினால் பத்து ஆண்டுகளும் மீண்டும் நுழையத் தடை என்பது 1996ஆம் ஆண்டுச் சட்டம். சில மாதக் கூடுதல் உறவுக்காகப் பத்தாண்டுப் பிரிவை விலைகொடுத்து வாங்குவது அறிவுடைமையாகாது.

பிரிட்டனில் விருந்தினராக நுழைந்தவர் உள்ளிருந்தே மனைவி விசாவுக்கு மாற முடியாது. தாயகம் திரும்பி மனுச் செய்ய வேண்டும். அழைப்பவருக்கு வேண்டிய ஆண்டு வருமானம் 2012இல் 18,600 பவுனாக இருந்தது. 2024 ஏப்ரலில் 29,000 பவுனாக உயர்த்தப்பட்டது.

அந்நாட்டில் விருந்தாளியாக நின்ற ஒரு கணவரின் வழக்கு உலகறிந்தது. ஒருகாலத்தில் போர்த்துகீசியர் வசமிருந்த நம் டாமனில் 1951இல் பிறந்து, பின் போர்ச்சுகலில் குடியேறிய ஒருவர், 1979 அக்டோபரில் விருந்தினராக பிரிட்டன் சென்றார். அங்கே நிலைத்து வாழ்ந்த இந்திய வம்சாவளிப் பெண்ணை அதே ஆண்டு டிசம்பரில் மணந்தார். மனைவியோடு தங்க அனுமதி கேட்டார், மறுக்கப்பட்டது. அந்நாளில் அங்கே நிலைத்து வாழும் ஆண் தன் மனைவியை அழைத்துக்கொள்வது எளிது. பெண் தன் கணவனை அழைப்பதோ அரிது. அப்துல் அஸீஸ் என்ற அந்தக் குடும்பத்தின் பெயரோடு மேலும் இரு பெண்களின் பெயர்களும் சேர்ந்து, வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திற்குச் சென்றது. 1985 மே 28 அன்று தீர்ப்பு வந்தது. விரும்பிய நாட்டில் குடும்பம் நடத்தும் உரிமை இதில் மீறப்படவில்லை என்றனர் நீதிபதிகள். ஆனால் ஆணுக்கொரு நீதி, பெண்ணுக்கொரு நீதி என்று வைத்தது தவறென்றனர். பிரிட்டன் என்ன செய்தது? பெண்களுக்கு வழியைத் திறப்பதற்கு மாறாக, ஆண்களுக்கு இருந்த சலுகையையும் நீக்கி இருவரையும் சமமாக்கியது! சட்டத்தின் வெற்றி எல்லா வேளையிலும் குடும்பத்தின் வெற்றியாகிவிடாது என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

அயல்நாட்டுப் பெண் சென்னைக்கு மருமகளாக வருவதும் உண்டு. அவளும் இங்கே விருந்தாளியே. தங்கும் அனுமதிக்கு அவள் அயல்நாட்டார் பதிவு அலுவலகத்தை நாட வேண்டும். திருமணம் பதிவு செய்யப்பட்டு, இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நிலைத்திருந்த பின்னரே அயல்நாட்டு இந்தியக் குடிமகன் அட்டைக்கு மனுச் செய்ய முடியும். பாகிஸ்தான், வங்காளதேசக் குடிமக்களுக்கு அதுவும் இல்லை. இந்தியக் குடியுரிமைக்கோ ஏழு ஆண்டு வாசம் வேண்டும்.

இங்கேதான் நம்மவர் பலர் இடறுகின்றனர். பள்ளிவாசல் தஃப்தரில் நிக்காஹ் பதிவாகிவிட்டது, அது போதும் என்று இருந்துவிடுகின்றனர். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009 எல்லாச் சமயத்தாரின் திருமணங்களுக்கும் பொருந்தும். திருமணம் நடந்த 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். நிக்காஹ் செல்லுபடியாவது ஷரீஅத்தின்படி; அயல்நாட்டு அதிகாரியின் முன் அதை நிறுவுவது பதிவுச் சான்றின்படி. இரண்டிலும் மணமக்களின் பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். முஹம்மது என்ற பெயர் ஓர் ஆவணத்தில் ஒருவிதமாகவும் மற்றோர் ஆவணத்தில் வேறுவிதமாகவும் இருப்பதே பல மாதத் தாமதத்திற்குப் போதுமானது. 2005 முதல் இந்தியா அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருப்பதால், அவ்வுடன்படிக்கையை ஏற்ற நாடுகளுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அந்த ஒரே முத்திரை போதும். சிங்கப்பூர் 2021இலும் கனடா 2024இலும் அதில் சேர்ந்தன.

விருந்தினராகச் செல்லும் சகோதரிக்கு மார்க்கத்தில் ஓர் ஐயம் எழக்கூடும். அரசு என்னை விருந்தாளி என்கிறது. அப்படியாயின் நான் முஸாஃபிரா? தொழுகையைச் சுருக்கலாமா? நோன்பைத் தள்ளி வைக்கலாமா? ஒரே ஊரில் பதினைந்து நாட்களோ அதற்கு மேலோ தங்க நிய்யத் வைத்தவர் முகீம் என்பது ஹனஃபி மத்ஹபு. வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்க எண்ணினாலே முகீம் என்பது ஷாஃபி மத்ஹபு. எனவே ஆறு மாதம் கணவரோடு தங்கச் செல்பவள் அரசின் ஏட்டில் விருந்தாளியாயினும் தொழுகை விரிப்பில் குடியிருப்பவளே. நான்கு ரக்அத்துகளையும் அவள் முழுமையாகவே தொழ வேண்டும்.

அந்த நிய்யத்தின் நேர்மை விமான நிலையத்திலும் வேண்டும். எதற்காக வந்தாய் என்று அதிகாரி கேட்கும்போது, கணவரைக் காண வந்தேன், மனு நிலுவையில் உள்ளது, காலம் முடியுமுன் திரும்பிவிடுவேன் என்று உண்மையைச் சொல்வதே பாதுகாப்பு. சுற்றுலாவுக்கு வந்தேன் என்று ஒரு பொய் சொன்னால், அது கோப்பில் ஏறி, நாளை வரும் குடியேற்ற மனுவையும் கெடுத்துவிடும். ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளை திருமறையின் ஐந்தாம் அத்தியாயத்தின் முதல் வசனத்திலேயே அமைந்திருக்கிறது. விசாவும் ஓர் ஒப்பந்தமே.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. அயல்நாட்டில் உழைக்க உரிமையின்றி, உறவினர் அருகில் இன்றி இருக்கும் பெண் முற்றிலும் கணவரையே சார்ந்திருக்கிறாள். அவளது நஃபகா கணவரின் கடமை, உபகாரமன்று. மஹர் அவளது சொத்து. பாஸ்போர்ட்டும் திரும்பும் பயணச் சீட்டும் அவள் கையிலேயே இருக்கட்டும். விருந்தினருக்குப் பல நாடுகளில் அரசு மருத்துவ உதவி கிடைக்காதாகையால், மருத்துவச் செலவுக்குக் காப்பீட்டை முன்னரே செய்துவிடுங்கள். மனு எந்த நிலையில் இருக்கிறதென்பதை அவளும் அறிந்திருக்கட்டும். நிச்சயம் பேசும் நாளிலேயே மணமகன் குடிமகனா, நிரந்தரக் குடியிருப்பாளரா, வேலை அனுமதியில் இருப்பவரா என்று ஆவணத்தைப் பார்த்துக் கேட்பது அநாகரிகமன்று. காத்திருப்பு எத்தனை காலம் என்பதை அந்த ஒரு விடையே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

வழிப்போக்கரை ஜகாத் பெறத் தகுதியுடைய எண்வகையினரில் ஒருவராக வைத்தது நம் மார்க்கம். ஊரைவிட்டு நிற்பவரின் உள்ளம் எத்துணை மெலிந்தது என்பதை அது அறியும். காத்திருக்கும் தம்பதியருக்குப் பொறுமையைப் போதிப்பது எளிது. அவர்களின் ஆவணங்களைச் சரிசெய்யத் துணைபோவதும், தனித்திருக்கும் மருமகளைப் பண்டிகை நாளில் அழைத்து உபசரிப்பதும், அயலூரில் அவளுக்கு ஒரு நல்ல குடும்பத்தை அறிமுகப்படுத்துவதும் அதனினும் மேலான பணிகள். பிரிந்தோர் யாவரையும் வல்ல இறைவன் விரைவில் ஒன்றுசேர்ப்பானாக!